ஒன்பதாம் வகுப்பில் ஊர் மாறும் பிள்ளைகள்

புதுச்சேரி, காரைக்கால் நவோதயா வித்யாலயங்களின் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஹவுஸ் மாஸ்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஜவஹர் நவோதயா வித்யாலயம், மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மத்திய அரசு நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளி. ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு மூலம் 80 பேர்வரை சேர்க்கப்படுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். படிப்பு, தங்குமிடம், உணவு, சீருடை, பாடநூல் எதற்கும் கட்டணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மட்டும் பள்ளி வளர்ச்சி நிதி என்று ஒரு சிறு தொகை மாதந்தோறும் வாங்கப்படுகிறது. மாணவிகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அதுவும் கிடையாது. நாடு முழுக்க ஏறத்தாழ 650 பள்ளிகள் இப்படி இயங்குகின்றன. நொய்டாவில் தலைமையகம் கொண்ட நவோதயா வித்யாலயா சமிதி அவற்றை நிர்வகிக்கிறது, பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ.

இந்தப் பள்ளிகளின் முன்மாதிரியைத் தெலுங்கு நாட்டில் தேடலாம். ஆந்திர முதல்வராக இருந்த பி.வி. நரசிம்ம ராவ், கிராமத்துப் பிள்ளைகளில் படிப்பில் சிறந்தவர்களைத் தங்கவைத்துப் படிக்கவைக்க 1971-இல் நல்கொண்டா மாவட்டத்துச் சர்வேலில் ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் ராஜீவ் காந்தி அமைச்சரவையில் அவர் மனிதவள மேம்பாட்டு அமைச்சரானபோதுதான் 1986 தேசியக் கல்விக் கொள்கை வந்தது. நவோதயாவுக்கு அடிப்படை அந்தக் கொள்கை. சோதனை முயற்சியாக 1985-86 கல்வியாண்டில் ஹரியாணாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் முதல் இரண்டு பள்ளிகள் திறக்கப்பட்டன. பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி, பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அத்துடன் இன்னொரு நோக்கமும் எழுதப்பட்டது: நாட்டின் வெவ்வேறு பகுதிப் பிள்ளைகள் ஒரே இடத்தில் சேர்ந்து வளர வேண்டும் என்பது. இந்த மடல் அந்த இரண்டாவது நோக்கத்தைப் பற்றியது.

சேர்க்கை விதிகளே ஒரு கலப்பை உறுதிசெய்கின்றன. இடங்களில் குறைந்தது 75 விழுக்காடு கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு மாணவிகளுக்கு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு மாவட்ட மக்கள்தொகையை ஒட்டிய ஒதுக்கீடு. ஆகவே ஒரு டார்மிட்டரியில் மீனவர் வீட்டுப் பிள்ளையும், விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளையும், பள்ளி ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் அடுத்தடுத்த இரும்புக் கட்டிலில் படுக்கிறார்கள். ஒரே மாதிரியான டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைக்கிறார்கள். ஊரில் இந்த வீடுகள் வெவ்வேறு தெருக்களில், சில ஊர்களில் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில், இருக்கும். பதினொரு வயதில் இப்படிச் சேர்ந்து வாழக் கிடைப்பது பெரிய காரியம். இந்தியாவில் மிகச் சில பள்ளிகளே இதை இவ்வளவு பரவலாகச் செய்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் நவோதயா கிடையாது. 1968 முதல் இருமொழிக் கொள்கையைக் கடைப்பிடிக்கும் மாநிலம், இந்தியைக் கட்டாயப் பாடமாக வைக்கும் பள்ளிகளை ஏற்கவில்லை. அந்த விவகாரம் நீதிமன்றங்கள்வரை போயிருக்கிறது. அதன் நியாயங்களைப் பேச இது இடமில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு பகுதிகளிலும் பள்ளிகள் உண்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு என்று ஒரே ஆட்சிப் பகுதிக்குள் மூன்று மொழிகளின் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். தமிழ் பேசும் மண்ணிலிருந்து இந்தத் திட்டத்துக்குள் நுழையும் வாசல்கள் புதுச்சேரியும் காரைக்காலும்தான்.

மாணவர்கள் மைக்ரேஷன் என்று சொல்லும் இடமாற்றம் ஒன்பதாம் வகுப்பில் வருகிறது. இந்தி பேசும் மாவட்டத்துப் பள்ளி ஒன்றும் இந்தி பேசாத மாவட்டத்துப் பள்ளி ஒன்றும் இணைக்கப்படுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் 30 விழுக்காடு மாணவர்கள் இங்கிருந்து அங்கேயும், அதே அளவினர் அங்கிருந்து இங்கேயும் ஒரு கல்வியாண்டுக்கு மாற்றிக்கொள்ளப்படுகிறார்கள். சேர்க்கையின்போதே பெற்றோர் இதற்கு உடன்பட்டுத்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். ஆனால் ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடும் பெற்றோருக்கு அது மூன்று ஆண்டு தள்ளி நிற்கும் சேதி. ஒன்பதாம் வகுப்பு வரும்போது அது பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஆசிரியர் துணையோடு ரயிலேறி, நாட்டின் இன்னொரு முனையில் போய் இறங்குவதாக மாறிவிடுகிறது.

போகிற பிள்ளைக்கு அங்கே பல விஷயங்கள் பழகியவையாகவே இருக்கும். எல்லா நவோதயாவிலும் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்ற அதே நான்கு ஹவுஸ்கள்; அதே ஹவுஸ் மாஸ்டர், ஹவுஸ் கேப்டன் முறை. விடிவதற்கு முன் எழுப்பும் மணி, மைதானத்தில் பி.டி., குளியல், காலை உணவு, அசெம்பிளி, வகுப்புகள், மாலை விளையாட்டு, ரோல் கால், இரவுப் படிப்பு என்று நாள் ஓடும் வரிசையும் ஏறத்தாழ அதேதான். வளாகத்துக்குள்ளேயே ஆசிரியர்கள் குடும்பத்தோடு குடியிருப்பதும் அப்படியே. இந்த ஒற்றுமை பெரிய துணை. புது ஊரில் நாளின் நடை தெரிந்திருந்தால் பாதி அச்சம் போய்விடும். புதுச்சேரியில் நீலகிரி ஹவுஸில் இருந்த பிள்ளை அங்கே போயும் நீலகிரியிலேயே சேர்க்கப்பட்டால், அந்தப் பெயரே ஒரு பிடிமானம்.

மீதிப் பாதியை டார்மிட்டரி தீர்மானிக்கிறது. வந்த பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பது என்பது நிர்வாகத்துக்குச் சின்ன முடிவு. பிள்ளைக்கு அந்த ஆண்டு முழுவதையும் நிர்ணயிக்கிற முடிவு. எல்லாரையும் ஒரே அறையில் போட்டால் நிர்வாகத்துக்கு எளிது, பிள்ளைகளுக்கும் முதல் வாரத்தில் ஆறுதல். ஆனால் அந்த அறை சில நாட்களில் வெளியூர்க்காரர்கள் அறை என்று பெயர் வாங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு வாளி காணாமல் போனாலும், ஒரு விளையாட்டில் தகராறு வந்தாலும், இரு அறைகளுக்கு இடையிலான வழக்காக அது வளரும். ஒவ்வொருவரையும் ஓர் அறையில் தனியாகப் போடுவதும் தவறு. இரவில் தாய்மொழியில் பேச ஒரு வாய்கூட இல்லாத பிள்ளை ஒடுங்கிப்போகும். இரண்டு அல்லது மூன்று பேரை ஒரு டார்மிட்டரியில் வைத்து, அடுத்தடுத்த கட்டிலில் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கலந்து வைப்பதே நல்ல வழி. கட்டில் வரிசையைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடும் ஹவுஸ் மாஸ்டர் தம் வேலையில் முக்கியமான ஒன்றைச் செய்யாமல் விடுகிறார்.

அடுத்தது மெஸ். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தெற்கிலிருந்து வடக்கே போகும் பிள்ளைக்கு முதலில் தொல்லை தருவது சாப்பாடுதான். ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு, எண்ணெயின் வேறு வாசம். சோறு ஒருவேளைக்குக் கொஞ்சம். புளிப்பும் தேங்காயும் இல்லாத குழம்பு. அங்கிருந்து காரைக்காலுக்கு வரும் பிள்ளைக்கு இதே துன்பம் தலைகீழாக: மூன்று வேளையும் அரிசி ஏதோ ஒரு வடிவில், எதைத் தொட்டாலும் புளிப்பு. வீட்டு நினைப்பு முதலில் நாக்கில்தான் வரும். சரியாகச் சாப்பிடாத பிள்ளை சோர்ந்துபோகும், படிப்பில் பின்தங்கும், பின்தங்கினால் இன்னும் ஒதுங்கும். நவோதயா பள்ளிகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த மெஸ் கமிட்டி உண்டு. அதில் இடம்மாறி வந்த பிள்ளைகளில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வாரத்தில் ஒருவேளை அவர்கள் ஊர்ச் சமையல் என்று வைத்தால் செலவு அதிகமாகிவிடாது. அந்தச் சமையலை உள்ளூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிடும்போது அவர்களுக்குள் பேச்சும் தொடங்கும்.

யார் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வியில் தமிழகத்துக்கு ஒரு நூறாண்டு அனுபவம் இருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1922-இல் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி, தாய்மொழிவழிப் படிப்பு, உடலுழைப்பு என்று உயர்ந்த குறிக்கோள்கள். தமிழ்நாடு காங்கிரஸும் அதற்குப் பொருளுதவி செய்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படித்தார்கள். ஆனால் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது. அந்த ஒரு சலுகை வெளியே தெரிந்ததும் நாடே கொந்தளித்தது. பெரியார் ஈ.வெ.ரா.வும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து முன்னின்றார்கள். காந்தியடிகள்வரை வழக்குப் போயிற்று. குருகுலத்தால் அதிலிருந்து மீள முடியவில்லை. 1925-இல் ஐயரும் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். பெரியார் அதே ஆண்டு காங்கிரஸை விட்டு விலகியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்தக் குருகுல விவகாரமும் ஒன்று.

ஐயர் தியாகி, நாட்டுக்காக நாடு கடந்து வாழ்ந்தவர். சாதி வேற்றுமையை வளர்க்க நினைத்தவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். இரு பெற்றோரின் மனம் கோணக் கூடாது என்று அவர் ஒரு விதிவிலக்குக் கொடுத்தார். உறைவிடப் பள்ளியில் விதிவிலக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. தனியே உண்ட இருவரைவிட, அவர்கள் தனியே உண்பதைத் தினமும் பார்த்த மற்றப் பிள்ளைகள்தான் அதிலிருந்து அதிகம் கற்றுக்கொண்டார்கள். இன்றைய மெஸ்களில் சாதியின் பெயரால் பந்தி பிரிப்பது பெரும்பாலும் இல்லை. ஆனால் முட்டை போடும் நாளில் சைவம், அசைவம் என்று மேசை பிரிகிறது. 2023-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் சில மேசைகளைச் சைவத்துக்கென்று ஒதுக்கியபோது மாணவர்கள் எதிர்த்தது நாடறிந்த செய்தி. தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது அவரவர் உரிமை. அதை மதித்து வேறு பதார்த்தம் கொடுப்பது பள்ளியின் கடமை. மேசை மட்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு விதியில் பள்ளி முதல்வர் வளைந்து கொடுக்கக் கூடாது.

மொழி விஷயம் மெஸ்ஸைவிடச் சிக்கலானது, ஆனால் பிள்ளைகள் அதைப் பெரியவர்களைவிட விரைவாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். நவோதயாவில் ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பு வரை தாய்மொழியோ வட்டார மொழியோ பயிற்றுமொழி. அதன்பின் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன. சமூக அறிவியலுக்கு இந்தி என்பது திட்டம். மும்மொழிப் பாடம் எல்லாப் பள்ளிக்கும் பொது. இந்தி பேசும் மாவட்டப் பள்ளிகளில் இணைப்புப் பள்ளியின் மொழி மூன்றாவது மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. வடக்கத்திய பிள்ளை ஒருவர் தென்மொழி ஒன்றின் எழுத்தைக் கூட்டிப் படிக்கிற காட்சியை வேறு பள்ளிகளில் காண்பது அரிது. இந்த ஏற்பாடு இரு பக்கமும் ஒரே தீவிரத்தோடு நடக்கிறதா என்பதில்தான் திட்டத்தின் நேர்மை இருக்கிறது. தெற்கிலிருந்து போகிறவர் இந்தியைக் கற்றே தீர வேண்டும், வடக்கிலிருந்து வருகிறவர் தேர்வுக்கு மட்டும் எழுத்துகளைப் பார்த்துவைத்தால் போதும் என்று நடந்தால், பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிடும்.

காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் வருகிற இந்தி பேசும் பிள்ளைகள் விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டார்மிட்டரியில் நாள் முழுக்கத் தமிழே ஒலிக்கும். சிரிப்பு எதற்கென்று வந்த பிள்ளைக்குத் தெரியாது. எல்லாச் சிரிப்பும் தன்னைப் பற்றியதாகவே தோன்றும். பக்கத்திலிருப்பவர் ஒரு வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டால் போதும், அந்த ஐயம் போய்விடும். அதே மாதத்தில் காரைக்கால் பிள்ளைகள் பலர் வடக்கே வேறொரு டார்மிட்டரியில் இதே நிலையில் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்புத் தோழர் அங்கே எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறார்களோ அப்படி வந்தவரை நடத்துவது உள்ளூர்ப் பிள்ளைகளால் முடியும். பட்டப்பெயர்கள் முதல் வாரத்திலேயே முளைத்துவிடும்: அங்கே போனவருக்கு ஊரைச் சொல்லி ஒன்று, இங்கே வந்தவருக்கு மாநிலத்தைச் சொல்லி ஒன்று. செல்லமாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். கூப்பிடப்படுகிறவர் திரும்பிப் பார்க்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்பதை ஹவுஸ் கேப்டன் கவனித்தால் அது செல்லமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பெயரைப் பற்றி இன்னொன்று. தமிழ்ப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கிறது. சாதிப் பெயர் ஒட்டுவதைத் தமிழ்ச் சமூகம் பெரிதும் விட்டுவிட்டது. வடக்கே பெயரின் பின்பாதி குடும்பப் பெயர். பல நேரங்களில் அதுவே சாதியைச் சொல்லிவிடும். அங்கே போன தமிழ்ப் பிள்ளையிடம் முழுப் பெயர் என்னவென்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலர் படிவத்தை நிரப்பக் கேட்பார்கள், சிலர் வேறு ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். பிள்ளைக்கு அந்த வேறுபாடு முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். தந்தை பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலை ஆசிரியர் வகுப்பில் உரக்க வாசிப்பது, உதவித்தொகைப் படிவத்துக்காகச் சாதி சொல்லிக் கையுயர்த்தச் சொல்வது ஆகியவை எங்கே நடந்தாலும் நிறுத்தப்பட வேண்டியவை. அந்தத் தகவல் அலுவலகத்தின் கோப்பில் இருக்கட்டும். டார்மிட்டரிக்குள் வர வேண்டிய தேவை அதற்கு இல்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு வடக்கே இன்னொரு சுமையும் காத்திருக்கும். இந்தியை ஏன் எதிர்க்கிறீர்கள் என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தும், சில நேரம் ஆசிரியர்களிடமிருந்தும் வரும். 1938-இலும் 1965-இலும் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டங்களைப் பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு மாநிலத்தின் சார்பாக விளக்க வேண்டியதில்லை. தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கைப்பந்து விளையாடப் போகலாம். அதே நியாயம் இங்கே வரும் பிள்ளைக்கும் பொருந்தும். பீகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ நடந்த ஏதோ ஒரு செய்திக்கு அந்தப் பிள்ளை பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. பன்முகப் பள்ளி என்று சொல்லிக்கொள்ளும் இடங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது: பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்காமல் ஊரின் தூதராகப் பார்ப்பது. விழா நாளில் வேட்டியும் சேலையும் கட்டி நடனமாடச் சொல்வதோடு வந்தவர்களின் பங்கு முடிந்துபோவதும் இதன் இன்னொரு முகம்தான். அவர்களுக்குக் கால்பந்து அணியிலும், வினாடி வினாவிலும், நூலகப் பொறுப்பிலும் இடம் வேண்டும்.

மாணவிகள் நிலை தனியே பேசப்பட வேண்டியது. மகனை மைக்ரேஷனுக்கு அனுப்பத் துணியும் பெற்றோர் மகளை அனுப்பத் தயங்குகிறார்கள். பட்டியலில் பெயர் வந்ததும் பெயரை எடுத்துவிடும்படி கேட்பது பெரும்பாலும் மாணவிகளின் வீடுகளே. அந்தத் தயக்கத்தைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அங்கே மேட்ரன் யார், இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் கூட்டிப்போவார், நாப்கின் எங்கே கிடைக்கும், குளியலறைக் கதவு சரியாகத் தாழிடுமா என்ற கேள்விகளுக்குப் பள்ளி நேராகப் பதில் சொன்னால் தயக்கம் குறையும். இவை அற்பக் கேள்விகள் என்று நினைக்கும் நிர்வாகத்திடம் யாரும் மகளை ஒப்படைக்க மாட்டார்கள்.

குளிரைப் பற்றியும் பெற்றோர் யோசிக்க வேண்டும். கடற்கரை ஊரில் வளர்ந்த பிள்ளை வட இந்தியாவின் டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டத்தை முதல் முறையாகப் பார்க்கும். விடிகாலைப் பி.டி.யும் குளிர்ந்த நீரும் உடம்பைப் படுத்தும். படுக்கையும் சீருடையும் பள்ளி தரும். உள்ளே போடக் கம்பளிப் பனியனும் தடித்த காலுறையும் வீட்டிலிருந்து போவது நல்லது.

வீட்டோடு பேசும் வாய்ப்பு உறைவிடப் பள்ளிகளில் எப்போதும் குறைவு. சொந்த மாவட்டத்தில் படிக்கும்போது பார்வையாளர் ஞாயிறன்று அம்மா தூக்குவாளியோடு வந்துவிடுவார். இடம்மாறிய பிள்ளைக்கு அந்த ஞாயிறுகள்தான் மிகக் கடினமானவை: சுற்றிலும் எல்லார் வீட்டு ஆட்களும் வந்திருக்க, தனக்கு மட்டும் யாரும் இல்லை. அந்த நாளில் ஹவுஸ் மாஸ்டர் வெளியூர்ப் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை சாப்பாடு போடுவது பெரிய உதவி. தொலைபேசி வரிசையில் அன்று அவர்களை முன்னால் நிறுத்துவது அதைவிட எளிது. பெற்றோரும் தொலைபேசியில் மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காமல், யாரோடு சாப்பிடுகிறாய், பக்கத்துக் கட்டிலில் யார், யாரோடு விளையாடுகிறாய் என்று கேட்க வேண்டும். பிள்ளை தனித்துப் போயிருக்கிறதா என்பது இந்தப் பதில்களில் தெரியும்.

தனிமையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நவோதயா பள்ளிகளில் 49 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற செய்தி 2018 இறுதியில் வெளியானது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள். தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மனநல மருத்துவர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஒவ்வொரு சாவுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் பதினொரு வயதில் வீட்டைப் பிரிந்து, மிக நல்ல தேர்ச்சி விகிதம் கொண்ட பள்ளியில், எல்லாரும் தன்னிடம் எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தோடு வாழும் பிள்ளைக்கு உட்கார்ந்து பேச ஒரு பெரியவர் வேண்டும். ஹவுஸ் மாஸ்டர் காலையில் பாடம் நடத்தி, மாலையில் மைதானத்தில் நின்று, இரவில் ரோல் கால் எடுப்பவர். அவர் களைத்துத்தான் இருப்பார். எனவே அந்தப் பொறுப்பை அவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒவ்வொரு பள்ளியிலும் நிரந்தரமாக இருக்க வேண்டும். மூத்த மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: சாப்பிடாமல் எழுந்து போகிறவரை, விளையாட்டுக்கு வராமல் கட்டிலில் கிடக்கிறவரை, பொருட்களை மற்றவருக்குக் கொடுத்துவிடுகிறவரைக் கண்டால் அதே நாளில் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். இதைச் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416 ஆகிய எண்கள் கட்டணமின்றி நாள் முழுதும் கிடைக்கும். இரண்டும் தொலைபேசி இருக்கும் இடத்துச் சுவரில் அந்தப் பள்ளியில் பேசப்படும் எல்லா மொழிகளிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆண்டு முடிந்து திரும்பும் பிள்ளைகள் கவனிப்பாரின்றிப் பத்தாம் வகுப்புக்குள் கரைந்துவிடுகிறார்கள். பொதுத் தேர்வு ஆண்டு என்பதால் எல்லாருக்கும் அவசரம். அவர்கள் இல்லாத ஓராண்டில் கட்டில்கள் மாறியிருக்கும், நட்புகள் மாறியிருக்கும், அவர்களும் மாறியிருப்பார்கள். போனபோது இந்தியில் ஒரு வாக்கியம் பேசத் தயங்கியவர் இப்போது அதில் சண்டையே போடுவார். ரயில் பதினைந்து மணி நேரம் தாமதமானாலும் கலங்க மாட்டார். தான் சிறுபான்மையாக இருந்து பார்த்ததால், வகுப்பில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரை மற்றவர்களுக்கு முன்பாகக் கவனிப்பார். பள்ளிக்குக் கிடைத்திருக்கும் இந்த அறிவு பயன்படாமல் போவது வருத்தத்துக்குரியது. வெளியூரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளை வரவேற்கும் பொறுப்பை இவர்களிடம் கொடுப்பதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் இவர்களை நேரில் கேட்க வேண்டும். சாப்பாடு, குளிர், கட்டில், சண்டை, நட்பு என்று நடந்ததை நடந்தபடி இவர்கள் சொல்லட்டும். ஆசிரியர்கள் இடையில் திருத்த வேண்டாம். புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகளின் முதல்வர்கள் இந்தக் கூட்டத்தை மைக்ரேஷன் பட்டியல் முடிவாவதற்கு முன் நடத்த வேண்டும் என்பதே இந்த மடலின் வேண்டுகோள்.